ஒரு பென்சில் கோட்டுத் தடிமன்

“தம்பி, ஆண்டவர் போகப் போகச் சின்னதாயிக்கிட்டே போறாரே, ஏன்?”

அருளாயி டீச்சர் இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. டீச்சரோ நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே ரிட்டயரானவர். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருகிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில் அது. ஆவூரின் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கோயில் என்றே தோன்றாது. யாரோ ஓட்டு வீட்டின் மேல் சிலுவையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைப்பார்கள். உள்ளே அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனையும், நான் கொண்டுவந்த பிரேம்களின் வார்னிஷ் வாசனையும் மூக்கில் சண்டை போட்டன. வெளியே யாரோ புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருந்தது.

சுவரோரமாகப் பதினான்கு படங்கள் சாத்தியிருந்தன. சிலுவைப்பாதைப் படங்கள். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்னதில் தொடங்கி, அடக்கம் செய்தது வரைக்கும் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்தலம் என்பார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு ஸ்தலத்துக்கு முன்பும் நின்று, முழங்காலிட்டு, ஜெபம் சொல்லி, அடுத்ததற்கு நகர்வார்கள். பழைய பிரேம்களைச் செல் அரித்துவிட்டது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது பிரேம் போட்டுத் தரும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. எங்கள் கடை என்றால் என் மைத்துனரின் கடை. வேலை என்றால், அந்தத் தடவை மட்டும், நான்.

முதல் ஸ்தலத்தில் ஆண்டவர் தாராளமாக நின்றுகொண்டிருந்தார். படத்தைச் சுற்றி ரெண்டு அங்குலத்துக்கு ஊதா அட்டை, அதைச் சுற்றி பிரேம். பிரேம்கள் எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் படத்துக்குப் படம் ஊதா அட்டை உள்பக்கமாக அகலமாகிக்கொண்டே வந்தது. அதற்கேற்ப ஆண்டவரும் ஒதுங்கிக்கொண்டே போனார்.

டீச்சர் பன்னிரண்டாவதின் முன்னால் நின்றார்.

“மாதாவோட கை எங்க தம்பி? சிலுவையப் புடிச்சிருக்குமே, அந்தக் கை?”

நான் குனிந்து பார்த்தேன். கை அட்டைக்குள் போயிருந்தது. அவர் கடைசிப் படத்துக்கு நகர்ந்தார்.

“இங்க அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போறாங்க. தலப்பக்கம் ஒரு ஆளு இருக்காரு. கால்பக்கம் தூக்குன ஆளு?”

“உள்ளதான் இருக்காரு டீச்சர். அட்டைக்குப் பின்னாடி.”

“அங்க என்ன பண்றாரு?”



அப்பாவுக்குக் கால் இருக்கு

போன வாரம் இந்தத் தொடரில் என் குவைத் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைச் சாப்பிட்ட அறைத் தோழர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று சிலர் விசாரித்திருக்கிறார்கள். இருக்கிறார்கள். ஆனால் சாம்பார் சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

எங்கள் கீரமங்கலத்துப் பக்கம் பூ பறிப்பதற்கு நேரத்தோடு எழுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து டிரைவராகி, டிரைவராகி குவைத் போய், அங்கே அதைவிட நேரத்தோடு எழுந்தவன் நான். டிரெய்லர் ஓட்டினேன். வீட்டுக்கு வாராவாரம் வீடியோ கால். என் மகள் என்னை அந்தக் கையகலக் கண்ணாடியில் பார்த்தே வளர்ந்தாள்.

ஒருமுறை லீவில் வந்தேன். பெட்டியை இறக்கிவிட்டு, வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்தேன். பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஓடி, அவள் அம்மாவிடம் சொன்னாள்:

“அம்மா, அப்பாவுக்குக் கால் இருக்கு!”

வசந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். நீண்ட நேரம் கழுவினேன்.

அடுத்த தடவை வந்தபோது திரும்பிப் போகவில்லை. புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வசந்தியின் அண்ணன் பிரேம் கடை வைத்திருக்கிறார். சின்னையா மச்சான். என்னைவிடப் பெரியவர். என்னைவிட உயரம். பேச்சில் மட்டும் என்னைவிட ரொம்பக் குட்டை. நான் அங்கே வேலைக்குச் சேர்கிறேன் என்றதும் அவர் சொன்னது: “வாங்க மாப்ள.” அந்த மாதம் அவர் பேசிய நீண்ட வசனம் அதுதான்.

பிரேம் கடையில் உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். ஊரே வந்து தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போகும். காலமானவர்கள், கல்யாணமானவர்கள், முதல் பரிசு வாங்கியவர்கள், மூன்றாம் பரிசு வாங்கிவிட்டு முதல் பரிசு மாதிரி சிரிக்கிறவர்கள். ஒருவர் சித்தன்னவாசல் நடன மங்கையின் படத்தையும் தன் மனைவியின் படத்தையும் கொடுத்து, ரெண்டையும் ஒரே பிரேமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். மனைவியைப் பாராட்டுகிறாராம். மறுநாள் அந்த அம்மாவே வந்து, தன் படத்தை மட்டும் தனியாகப் பிரித்து வாங்கிக்கொண்டு போனார். நடன மங்கை இன்னும் எங்கள் கடைச் சுவரில்தான் இருக்கிறார். கணவர் வந்து கேட்கவே இல்லை. கேட்கிற தைரியம் இருந்திருக்காது.

இது சின்னப் படத்துக்கு ஆகும்

படத்துக்கும் பிரேமுக்கும் நடுவே கனமாக ஒரு கலர் அட்டை வரும், பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதை மவுண்ட் என்போம். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் அதுதான், படத்துக்கு ஒரு மரியாதை கொடுப்பதும் அதுதான்.

சில கடைகளில் முழு அட்டையின் நடுவே ஜன்னல் மாதிரி வெட்டி எடுப்பார்கள். நடுத்துண்டு வீணாகும். மச்சான் அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டுவார். முனைகளைச் சாய்வாகச் சீவி, நாலு பட்டையைச் சேர்த்து, பின்பக்கம் டேப் ஒட்டிச் சட்டமாக்குவார். மூலையில் சேர்ந்த இடமே தெரியாது. ஆனால் அதற்கு எல்லாப் பட்டையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலை வாயைத் திறக்கும்.

நான் வெட்டிய மூலைகள் எல்லாம் கொட்டாவி விட்டன.

ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளப்பேன், புள்ளி வைப்பேன், கோடு போடுவேன், பிளேடை இழுப்பேன். தொடங்கும்போது ரெண்டு அங்குலம். முடியும்போது அது எந்த ஊர் அளவு என்று யாருக்கும் தெரியாது. மச்சான் நான் வெட்டுவதைப் பார்க்க மாட்டார். நான் பிளேடை எடுத்ததும் டீக்கடைக்குப் போய்விடுவார். அந்த மாதங்களில் டீக்கடைக்காரர் என்னைத் தெய்வமாக நினைத்திருப்பார்.

வீணாய்ப்போன பட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மச்சான் சொல்வார்: “பரவால்ல மாப்ள. இது சின்னப் படத்துக்கு ஆகும்.”

மூலையில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பாஸ்போர்ட் போட்டோ எல்லாவற்றுக்கும் மவுண்ட் போடலாம். அந்த மனிதர் ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக அங்கேயே உட்கார்ந்திருப்பேன். திட்டவே இல்லை. அதுதான் உறுத்தியது. தங்கச்சி புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷன் எத்தனை அட்டையைப் பொறுத்துக்கொள்வார்?

அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் போன் செய்தார். பழைய கம்பெனி, பழைய டிரெய்லர், புது விசா. வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வண்டி ஓட்டத் தெரிந்தவன் வண்டி ஓட்ட வேண்டும். அட்டையைக் கொலை செய்துகொண்டிருக்கக் கூடாது.

சோறு போட்டுக்கொண்டிருந்த வசந்தியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஆவூர் டீச்சர் ஆர்டர் குடுத்துருக்காங்கல்ல?”

“ஆமா.”

“அத நீங்களே முடிங்க. அண்ணன் கை வைக்கக் கூடாது. டீச்சர் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, நீங்க இங்கிட்டே இருக்கீங்க. சொல்லலைன்னா பெட்டியக் கட்டுங்க. நான் அழுவேன்னு நெனைக்காதீங்க.”

“நீ எதுக்கு அழப்போற?”

“அதத்தான் சொல்றேன்.” குழம்பை ஊற்றினாள். சோற்றில் பாதி, தட்டுக்கு வெளியே பாதி.

அச்சு

மச்சானிடம் நிபந்தனையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். பிறகு, கை வைக்கக் கூடாது என்றுதானே பேச்சு, வாய் வைக்கலாமே என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்று சொன்னார்.

“மொத பட்டைய நல்லா அளந்து வெட்டிருங்க மாப்ள. அதையே அச்சா வச்சு மத்ததெல்லாம் வெட்டுங்க. ஸ்கேல் வேணாம்.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் பட்டையை நான் வெட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வெட்டினேன். அச்சாக ரெண்டு அங்குலம். என் வாழ்க்கையில் நான் வெட்டிய ஒரே ஒழுங்கான பட்டை. அதை அட்டையின் மேல் வைத்து, ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளிப்பக்கம் வெட்டினேன். இரண்டாவது வந்தது. அதை முதலாவதின் மேல் வைத்தேன்.

மூன்றாவதை வெட்ட அச்சு வேண்டும். கைக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத்தானே எடுப்போம்? மேலே இருந்த இரண்டாவதை எடுத்தேன். நாலாவதுக்கு மூன்றாவதை. இப்படியே அடுக்கின் தலையில் இருந்ததை எடுத்து எடுத்து வெட்டிக்கொண்டே போனேன். முதல் பட்டை அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு தடவையும் பட்டை ஒரு பென்சில் கோட்டுத் தடிமன் குண்டானது. அவ்வளவுதான். பக்கத்துப் பட்டையோடு சேர்த்தால் வித்தியாசமே தெரியாது. மூலை கொட்டாவி விடவில்லை. நான் பாட்டு முணுமுணுத்தேன். எல்லாம் வெட்டியானதும், அடியிலிருந்து நாலு நாலாக எடுத்து ஒவ்வொரு படமாகப் போட்டு முடித்து, உடனுக்குடன் செய்தித்தாளில் சுற்றி அடுக்கினேன். படத்துக்கு நாலு பட்டை, பதினான்கு படம். கடைசிப் பட்டை முதல் பட்டையைவிட ஒரு விரல் அகலத்துக்கும் மேல் குண்டாகிவிட்டது. வரிசையாக வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? வரிசையாக வைத்தது டீச்சர் முன்னால்தான்.

இதையெல்லாம் அன்றைக்கு அந்தக் கோயில் தரையில் உட்கார்ந்து, அடுக்கு வைத்த விதத்தைக் கையால் காட்டிக் காட்டி டீச்சரிடம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது.

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைகளேதான் தம்பி நீங்க! கையெழுத்து நோட்டுல மேல ஒரு வரி அழகா அச்சுல இருக்கும். அதப் பாத்து எழுதுங்கடான்னா எழுத மாட்டானுங்க. அவன் எழுதுன கடைசி வரியப் பாத்துத்தான் அடுத்த வரிய எழுதுவான். பக்கத்து அடிக்கு வந்துட்டா, அது தமிழே இல்ல!”

பிறகு மோர் கொடுத்தார். மோர் குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “வெள்ளிக்கிழம சாயந்தரம் மொத சிலுவைப்பாதை. சுவரு வெறுமனே நிக்கக் கூடாதுப்பா.”

மச்சானைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. வேறு கடைக்குக் கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த மோரின் பெருங்காய வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கல்லு வைங்க

படங்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் மனசுக்குள் பெட்டி கட்டினேன். எந்தச் சட்டையை மேலே வைப்பது என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது.

எங்கள் சந்து லேசான சரிவு. வண்டியை ரிவர்ஸ் எடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். டிரைவர் பையன் தலையை வெளியே நீட்டினான்.

“அண்ணே, எறங்கிப் பின்னாடி ஒரு கல்லு வைங்கண்ணே. இல்லாட்டி சுவத்துல முட்டிரும்.”

இறங்கி, கல்லை வைத்தேன். டயர் வந்து கல்லில் மெதுவாக இடித்து நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சரியாக ஒரு ஆள் நிற்கிற இடம்.

நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குவைத்தில் சரக்கு இறக்கும் கிடங்குகளில் தரையோடு ஒரு கான்கிரீட் கட்டை போட்டிருப்பார்கள். டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டே போனால் சக்கரம் அதில் இடித்து நிற்கும். யாரும் அளப்பதில்லை. நல்ல டிரைவரும் அங்கேதான் நிற்பான், தூக்கக் கலக்கத்தில் வருகிறவனும் அங்கேதான் நிற்பான், நானும் அங்கேதான் நின்றேன். வருஷக்கணக்கில் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், மயிரிழை பிசகாமல் வண்டியை நிறுத்தியவன் நான். அது என் திறமை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, எறக்கலாமாண்ணே?”

“எறக்கு எறக்கு. தம்பி, நீ நல்லாருப்படா!”

ஒரு கல்லுக்காகவா இப்படி வாழ்த்துகிறார் என்று அவன் பயந்துபோய்ப் பார்த்தான்.

வீட்டுக்குப் போய் வசந்தியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“டீச்சர் நல்லால்லன்னு சொன்னாங்களா?”

“ஆண்டவர் சின்னதாப் போறாருன்னு சொன்னாங்க.”

“நல்லால்லன்னு சொல்லலைல்ல? அப்ப வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கு. போய்த் தூங்குங்க.”

சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வக்கீல் வீட்டிலேயே இருக்கும்போது, எனக்கு என்ன கவலை?

மறுநாள் காலையில் கடை மேசையில் பிரேமுக்கு அறுக்கிற நேரான பீடிங் கட்டை ஒன்றை வைத்து ஆணி அடித்தேன். அதுதான் என் கான்கிரீட் கட்டை. பிறகு முதல் ஸ்தலத்தைப் பிரித்து, என் வாழ்நாளின் ஒரே ஒழுங்கான பட்டையை வெளியே எடுத்தேன். அதைக் கட்டையில் ஒட்டி வைத்து, அதன் மறு ஓரத்தை ஒட்டி ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். ஸ்கேலின் ரெண்டு முனையும் வந்து சாய்ந்து நிற்கிற மாதிரி, மேசையின் அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று என ரெண்டு ஆணி அடித்தேன். முடிந்தது. இனி அளக்க ஒன்றும் இல்லை. பட்டை கட்டையில் முட்டும், ஸ்கேல் ஆணியில் முட்டும், நடுவே எப்போதும் அதே ரெண்டு அங்குலம். பென்சிலைக் காதில் செருகினேன். அதற்கு அன்றோடு வேலை போய்விட்டது.

இன்னொரு அதிர்ஷ்டம். என் தப்பு குண்டாகிற தப்பு, இளைக்கிற தப்பு இல்லை. இளைத்திருந்தால் அவ்வளவு அட்டையும் குப்பை. குண்டானதைச் சீவிவிடலாமே? சட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் வெளி ஓரத்தையும் கட்டையில் முட்டவைத்து, உள் ஓரத்தில் கூடுதலாக இருந்ததைப் பிளேடால் எடுத்தேன். வெளி ஓரத்தைத் தொடாததால், சாய்வாகச் சீவிய முனைகள் அப்படியே பொருந்தின. புது அட்டை ஒன்றுகூட வாங்கவில்லை. கீழே ஊதா நிறத்தில் சன்னச் சன்னமாகக் கீற்றுகள் விழுந்தன. தொடக்கத்தில் நூல் மாதிரி, போகப் போக ரிப்பன் மாதிரி.

மச்சான் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். டீக்கடைக்குப் போகவில்லை. அதை நான் பாதியில்தான் கவனித்தேன். கவனித்ததும் கை நடுங்கியது. நடுங்கினாலும் பட்டை அதே அகலத்தில்தான் வந்தது. அதுதான் அந்தக் கட்டையின் மகிமை.

எல்லாம் சீவி முடித்ததும் மச்சான் கிட்ட வந்தார். அடுக்கின் அடியிலிருந்து ஒரு பட்டை, தலையிலிருந்து ஒரு பட்டை. ரெண்டையும் சேர்த்து மேசைமேல் நிறுத்தி வைத்து, மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. பட்டைகளைத் திரும்ப அடுக்கில் வைத்தார். வெளியே போனார்.

திரும்பி வரும்போது கையில் ரெண்டு டீ இருந்தது.

முட்டி எல்லாருக்கும் பொது

வெள்ளிக்கிழமை மதியமே போய்ப் படங்களை மாட்டிவிட்டோம். நானும் வசந்தியும். தீர்ப்பைக் காதால் கேட்காமல் விட மாட்டேன் என்று அவளும் கூடவே வந்துவிட்டாள்.

டீச்சர் சாயந்தரம் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் ஸ்தலத்திலிருந்து கடைசி ஸ்தலம் வரை நடந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே வந்தார்கள். ஜெபம் தொடங்கிவிட்டது.

நடுவில் நாங்கள் வெளியே போகவும் முடியாது. எல்லாரும் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டேன். எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது. ஆனால் முட்டி எல்லா மதத்துக்கும் பொதுதான். எழுந்து, நகர்ந்து, மறுபடி முழங்காலிட்டு. டிரெய்லர் ஓட்டித் தேய்ந்த என் முட்டி மூன்றாவது ஸ்தலத்திலேயே முனக ஆரம்பித்தது. சுவரில் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஊதா அட்டை ஒரே கோடாக ஓடியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஏஜென்டாகத்தான் இருக்கும். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

பன்னிரண்டாவது ஸ்தலத்தில் மாதாவின் கை சிலுவையைப் பிடித்திருந்தது.

பதினான்காவதுக்கு வந்தோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தேன். தலைப்பக்கம் ஒரு ஆள். கால்பக்கம், இத்தனை நாள் காணாமல்போயிருந்த அந்த ஆள். மொட்டைத் தலை, மடித்துவிட்ட கை, குனிந்த முதுகு. என் அட்டைக்குப் பின்னால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் இருந்த நேரத்திலும் அந்த மனிதர் கையை விட்டிருக்கவில்லை. அங்கே என்ன பண்றாரு என்று டீச்சர் கேட்டாரே, இதைத்தான் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு மச்சான் ஞாபகம் வந்தது. சின்னப் படத்துக்கு ஆகும், சின்னப் படத்துக்கு ஆகும் என்று சேர்ந்த அந்தக் குவியல் ஞாபகம் வந்தது. பக்கத்தில் முக்காட்டோடு முழங்காலிட்டிருந்த வசந்தியைப் பார்த்தேன். முட்டி வலியில்தான் கண் கலங்கியது என்று அவளிடம் பிற்பாடு சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஜெபம் முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். வசந்திக்குப் பொறுக்கவில்லை. நேரே டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், நல்லாருக்கா?”

டீச்சர் யோசித்தார்.

“அதெப்படிம்மா நல்லாருக்குன்னு சொல்றது? அவரு பாடுபடுறதுல்ல அது.”

 பெட்டிக்குள் மேலே வைக்க வேண்டிய சட்டை கண்முன் வந்துபோனது. டீச்சர் இன்னும் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா ஒண்ணு. இன்னக்கி அவரு கடைசி வரைக்கும் எங்க கூடயே வந்தாரு. எட்டப் போகல.”

வசந்தி ஒரு நொடி நின்றாள். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாள். என்ன என்று புரியாமல் பார்த்தேன். என் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருந்த போனை அவளே எடுத்துக் காதில் வைத்தாள்.

“அண்ணே, நான் அவரு வீட்டுல பேசுறேன். அவரு வரலண்ணே. இல்லண்ணே, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்கிட்டு வேலை கெடக்கு.”

போனை என் பையில் திரும்பப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, வாக்குத் தவறிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டையும் ரெண்டு ஆணியும் எங்கள் மேசையில் இப்போதும் இருக்கின்றன. நான்தான் பட்டை வெட்டுகிறேன். எல்லாம் ஒரே அகலம். சின்னப் படக் குவியல் வளர்வதை நிறுத்திவிட்டது. டீக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

ஒரே ஒரு தொந்தரவு. மச்சான் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கோடி ஆணியில் அவர் சட்டை மாட்டிக்கொள்கிறது. ரெண்டு சட்டை கிழிந்துவிட்டது. போன வாரம் மூன்றாவது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

“மச்சான், அந்த ஆணிய வேணா புடுங்கிட்டு, கொஞ்சம் உள்ள தள்ளி அடிச்சுருவோமா?”

கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இருக்கட்டும் மாப்ள,” என்றார். “நீங்க இருக்கீங்கல்ல.”